சத்தம் மட்டும்

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் வேலூர் வண்டி இன்னும் வரவில்லை. காத்திருந்து அலுத்து, உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பக்கத்தில் ஷூ கம்பெனி யூனிஃபார்மில் ஒருவர், ஊர்க் கூத்தில் கோமாளி வேஷம் கட்டுகிறவராம், ஒத்திகை பார்க்கிறார். தோல்மட்டையால் நண்பரின் முதுகில் ஓங்கி அடிக்கிறார். பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். நண்பர் துள்ளி விழ, எல்லாரும் சிரிக்கிறார்கள்.

"வலிக்காதா?" என்கிறேன்.

"ரெண்டு தோல் சார். பிடிகிட்ட மட்டும் தச்சிருக்கேன். அதுங்களே ஒண்ணையொண்ணு அடிச்சிக்கும். சத்தம் ஜாஸ்தி, வலி கம்மி. அது தெரிஞ்சாதான் ஜனம் சிரிக்கும்."

எதிர் பெஞ்சில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் கை தானாக முகத்தை மறைக்கிறது. கோமாளி அதைப் பார்த்துவிடுகிறார். போய் மட்டையை நீட்டி, குனிந்து முதுகைக் காட்டுகிறார்.

"இன்னா பயம்? நீயே அடிச்சிப் பாரு தங்கச்சி."

தயங்கித் தயங்கி ஒன்று போடுகிறாள். அவர் குட்டிக்கரணம் அடிக்கிறார். அவளுக்கு லேசாகச் சிரிப்பு வருகிறது.

வண்டி நுழைகிறது. ஓடுகிறேன். பின்னால் மறுபடி பட், மறுபடி பட். ஏறித் திரும்பிப் பார்க்கிறேன். கோமாளி எப்போதோ எழுந்து ஒதுங்கிவிட்டார். அவள் தான் உட்கார்ந்திருந்த காலி பெஞ்சை மட்டையால் அடித்துக்கொண்டிருக்கிறாள், சிரிப்பில்லாமல்.