அலறினால் நாத்தனார் வீடு

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. கத்துகிறவள். இரண்டும் வேறு வேறு என்று என் கணவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகத் தேவைப்பட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்யாணமாகி ஆவடியில் தளவாடத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்கு வந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. அவருக்கு அங்கே பழுக்கக் காய்ந்த இரும்பை அடிக்கிற பெரிய சம்மட்டி இயந்திரத்தில் வேலை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை நைட் ஷிஃப்ட் வரும். வந்தால் என்னைத் துணிமணியோடு குமணன்சாவடியில் அவருடைய அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார். நாத்தனார் நல்ல மனுஷிதான். ஆனால் நான் வைக்கிற ரசத்தில் என் கண் முன்னாலேயே ஒரு கை உப்பைப் போட்டு, "இப்ப சாப்ட்டுப் பாரு" என்பார். ஆறு நாள் அந்த உப்பைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்து என் அடுப்பைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும். என் வீட்டில் நான் இருக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

"நான் இங்கயே இருந்துக்கறேங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீயா? பல்லி உயுந்தாலே எட்டு ஊருக்குக் கேக்கறாப்புல கத்தறே. தனியா எப்டி இருப்பே?"

எங்கள் பிளாக்கில் மாதம் ஒரு ஞாயிறு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து யாராவது ஒரு வீட்டில் எல்லோரும் படம் பார்ப்போம். சாயங்காலம் ஆறு மணிக்குள் மூன்று படம் பார்த்து டெக்கைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதனால் ரிமோட் வைத்திருப்பவர் பாட்டு, அழுகை, சும்மா நடப்பது எல்லாவற்றையும் ஓட்டிவிடுவார். அதில் என் கணவர் மன்னன். பேய்ப் படம் என்றால் அவருக்குக் கை நிற்காது. பேய் வரும் என்று ஒரு பெண் விளக்கை எடுத்துக்கொண்டு மெல்ல நடக்க ஆரம்பித்தால், "இன்னாத்துக்கு இந்த இழுவை?" என்று ஓட்டி, நேராகப் பேயிடம் கொண்டுபோய் நிறுத்துவார். நான் அதுவரை பார்த்த பேய்ப் படங்களில் பேயைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

அந்த ஞாயிறு எங்கள் வீட்டு முறை. மறுநாள் நைட் ஷிஃப்ட் தொடங்குகிறது. அத்தனை பேர் முன்னால் அவர் அறிவித்தார்: "இன்னிக்கு ஒரு தபா கூட கத்தாம பாத்துட்டா, இனிமே நீ இங்கியே இருந்துக்கோ."

முதல் படத்தில் அலமாரிக்குள்ளிருந்து ஒரு பூனை பாய்ந்தது. கத்தினேன். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. கத்திய கத்தலில் எதிர்வீட்டு அக்கா மடியிலிருந்த முறுக்குத் தட்டு கவிழ்ந்தது. பிள்ளைகள் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்து ஒன்பதில் முடித்தார்கள். அவர் இமைகூடக் கொட்டவில்லை. நாள் முழுக்க அந்தச் சம்மட்டிப் பக்கத்தில் நிற்கிற மனுஷனைப் பூனை என்ன செய்துவிடும்?

"முடிஞ்சிச்சா? பைய கட்டு" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பின்னாடி வந்து டமால்னு தட்டினா யாருதான் துள்ள மாட்டாங்க? அது பேரு பயமா? கத்தி முடிச்சதும் நான் சிரிச்சது தெரியலையா? மூணாவது படத்தை ஓட்டாம பாருங்க, பார்ப்போம். பாத்துட்டீங்கன்னா நானே பைய கட்டறேன்."

"சும்மா குந்திகினு பாக்கறதுல இன்னா கீது?"

இரண்டாவது படம் முடிந்ததும் ரிமோட்டை வாங்கி அடுக்களையில் அரிசி டின்னுக்குள் போட்டேன். அக்கம்பக்கத்தினர் சாப்பிடப் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிச்சம். மூன்றாவது கேசட், கேட்டது இல்லையென்று கடைக்காரர் கையில் திணித்த ஏதோ வெளிநாட்டுப் படம். பாஷையும் புரியவில்லை. ஒரு கிழவர் ஒரு வீட்டுக்குக் குடிவருகிறார். மாடி அறையில் ஒரு நாற்காலி. நடுநடுவே அந்த அறையைக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் நாற்காலி கதவுக்குச் சற்றுப் பக்கத்தில் இருக்கிறது. பேய் இல்லை, பாட்டு இல்லை, பூனைகூட இல்லை.

பத்து நிமிஷம் அவர் கேலி செய்தார். அப்புறம், "அந்த சேரு முன்ன ஜன்னலாண்டதானே இருந்திச்சு?" என்றார்.

"ஆமாங்க."

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். வெயில் கொளுத்தியது. திரும்பி வந்து, "ஃபேன் இன்னா ஒரு மாரி கத்துது" என்று அதை நிறுத்தினார். வேர்த்து ஊற்றியது. "கொஞ்சமா ஓட்டேன்" என்றார்.

"அரிசி டின்லதான் இருக்கு. போய் எடுத்துக்குங்க."

அடுக்களையில் எப்போதும் வெளிச்சம் கம்மி. அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். போகவில்லை.

எனக்கும் பயம்தான், மறைப்பானேன். ஆனால் மடியில் முருங்கைக்கீரை இருந்தது. அதை ஆய்ந்துகொண்டே பயந்தேன். படம் முடிவதற்குள் கட்டு முழுவதும் ஆய்ந்தாகிவிட்டது.

கடைசியில் மாடிக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. படம் முடிந்தது. அவ்வளவுதான். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். டெக்கைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நினைவுபடுத்தினேன்.

"பேண்ட் மாத்தணும். உள்ரூம்ல லைட்ட போடு."

போட்டேன்.

"கூட வந்து நில்லு."

நாலு மணி வெயிலில், வெளியே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் சத்தத்தில், என் கணவர் பேண்ட் மாற்ற நான் வாசற்படியில் காவல் நின்றேன். சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சட்டைப் பொத்தானைப் போட்டபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நாளிக்கு நீ எங்கியும் போவ வேணாம். இங்கியே இரு."

"ஏங்க, ராத்திரி எனக்குப் பயமா இருக்காதா?"

"உனுக்கு இன்னா, நீ கத்திட்டு தூங்கிப்பூடுவே. காலீல ஷிஃப்ட் முடிச்சிட்டு ஆள் இல்லாத ஊட்டுக்குள்ள நான் எப்டி வர்றது?"