ஆறாம் வகுப்பு பி பிரிவின் ஐந்தாவது மிஸ்

அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அழகுபாண்டியின் மனைவி தாமரைச்செல்வி ஒரு காலத்தில் இங்கிலீஷ் மிஸ். மகன் பிறந்தபோது ஆறு மாதம் லீவு என்று வீட்டுக்கு வந்தவள், பட்டறைக்கு வரும் போனை எடுத்துப் பேசியே பதினோரு வருஷத்தை ஓட்டிவிட்டாள். ரிங் ரோட்டுப் பள்ளி ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், யாராவது மறுபடி மிஸ் என்று கூப்பிட மாட்டார்களா என்ற ஏக்கம் அவளைப் பிடித்துக்கொண்டது.

இருபது நாள் செல்போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினாள். பாடம் நடத்துவது என்ற பழைய வேலைக்கு இப்போது வகைவகையாகப் பெயர் வைத்திருந்தார்கள். அத்தனையையும் போனிலேயே குறித்துக்கொண்டாள். குக்கர் விசில் அடித்தால்கூட ‘வெரி குட்’ என்றாள்.

“ஏ டீச்சரம்மா, சோத்தையும் இங்கிலீஷ்ல கேட்டாத்தேன் போடுவியா?” என்றான் அழகுபாண்டி.

“நக்கலா? வேல கெடைக்கட்டும், பேசிக்கிறேன்.”

மாதிரி வகுப்பு நடத்திக் காட்ட வேண்டிய நாளும் வந்தது. பள்ளி வாசலில் வாட்ச்மேன் மறித்தார். “போனு உள்ள போகக் கூடாதுக்கா. இங்க வச்சிட்டுப் போங்க.” இருபது நாள் படிப்பு அவருடைய மேசை டிராயருக்குள் போனது.

ஆறாம் வகுப்பு பி பிரிவு. முதல்வர் அம்மா வராந்தாவில், ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தாமரைச்செல்வி ‘குட்மார்னிங்’ சொன்னாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஒரு காலத்தில் நாற்பது பிள்ளைகளைப் பார்வையாலேயே அடக்கியவளுக்கு இப்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முன்பெஞ்சிலிருந்து ரோகிணி என்ற சிறுமி எழுந்தாள். வேலை கேட்டு வருகிற எல்லா ஆசிரியர்களையும் இந்த வகுப்பில்தான் சோதிப்பார்கள். இந்த மாதம் இவள் ஐந்தாவது ஆள். அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம். தமிழில் பேசினால் டைரியில் புகார் எழுதிவிடுவார்கள் என்பதால் ரோகிணி இங்கிலீஷிலேயே சொல்லிக் கொடுத்தாள்.

“மிஸ், ஃபர்ஸ்ட் ஆஸ்க் அவர் நேம்ஸ்.”

“நோ மிஸ், ஃபர்ஸ்ட் கேம்!” என்று விளையாட்டுக் கேட்டான் பின்பெஞ்சு முகேஷ்.

“ஒய் கேம் ஃபர்ஸ்ட்?” தாமரைச்செல்வி நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

அவ்வளவுதான், வகுப்பே கிளம்பிவிட்டது. முதல் மிஸ் எங்கே சொதப்பினார், மூன்றாவது சார் ஏன் வியர்த்தார் என்று ஆளுக்கு ஆள் எழுந்து இங்கிலீஷில் விளக்கினார்கள். புரியாத இடத்திலெல்லாம் அவள் ‘ஒய்?’ என்றாள். மணி அடித்தும் யாரும் நிறுத்தவில்லை.

முதல்வர் அம்மா உள்ளே வந்தார். தமிழில்தான் பேசினார். “இந்தப் பிள்ளைங்க இம்புட்டு இங்கிலீஷ் பேசி நான் கேட்டதே இல்ல. முன்னாடி வந்த நாலு பேரும் அவங்களே பேசிட்டுப் போயிட்டாங்க. இது என்ன முறைங்க?”

தாமரைச்செல்வி தொண்டையைச் செருமிக்கொண்டாள். “அனுபவம் மேடம்.”

வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கூடவே ஒரு பொறுப்பும் வந்தது. சனிக்கிழமை மற்ற ஆசிரியர்களுக்கெல்லாம் அந்த முறையை அவள் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம்.

வாசலில் போனை வாங்கி, குறிப்புகளை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள். அந்த முறை அதில் எங்கேயும் இல்லை. போனைத் திரும்ப வாட்ச்மேனிடமே கொடுத்துவிட்டு ஆறாம் வகுப்பு ஜன்னலுக்கு நடந்தாள். ரோகிணி டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். தாமரைச்செல்வி குரலைத் தாழ்த்திச் சனிக்கிழமை விஷயத்தைச் சொன்னாள்.

ரோகிணி ஒரு வாய் சோற்றை விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள்: “ஃபர்ஸ்ட் ஆஸ்க் தெயர் நேம்ஸ், மிஸ்.”