உள்ளங்கையில் ஒட்டிய முடி

ஆரணியில் நாய்க்குட்டி விற்ற அவருக்கு முழங்கைவரை நகக்கீறல்கள். குட்டியைத் தடவிவிட்டு, எவ்வளவு முடி ஒட்டியிருக்கிறது என்று வாங்க வந்தவரிடம் உள்ளங்கையை விரித்துக் காட்டுவது அவர் வழக்கம்.

"தறி வீடுங்களா? லேப்ரடாருக்கு வருசம் பூரா முடி கொட்டிகினே இருக்கும், பட்டு நூல்ல ஒட்டிக்கும். நாட்டு நாய் எடுத்துகினு போங்கம்மா."

என் பட்டியலில் சாதுவான குணம், தீனி, தடுப்பூசி என எட்டு வரிகள் இருந்தன, முடி இல்லை. லேப்ரடாரையே வாங்கினேன்.

ஆறாம் மாதம், அப்பா நெய்த முகூர்த்தப் புடவைக்குள் நாய்முடியும் சேர்ந்து நெய்யப்பட்டிருந்தது. நூல் கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளி புடவையைத் திருப்பியனுப்பினார். நான் நாயை விற்றவரிடமே திருப்பிக் கொண்டுபோனேன்.

அவர் திட்டவில்லை.

"இதோட பேரு..." என்றேன்.

"வேணாம்மா. அடுத்த வீட்ல வேற வெப்பாங்க."

என் பின்னால் வரத் துடித்த நாயைக் கயிற்றில் இழுத்துப் பிடித்துத் தடவினார். இம்முறை உள்ளங்கையை எனக்குக் காட்டவில்லை.