நைனாமலைப் படியில் நியூட்ரல்

மலையிலிருந்து இறங்கும்போது உடம்பை நியூட்ரலில் விட்ட ஒரே முட்டாள் நானாகத்தான் இருப்பேன்.

சங்ககிரியில் நான் லாரி டிரைவர். காஷ்மீர் வரை லோடு ஏற்றிப் போனவன் என்ற மிதப்பு எனக்கு எப்போதும் உண்டு. போன புரட்டாசிச் சனிக்கிழமை மனைவியோடு நைனாமலை ஏறினேன். படிகள் செங்குத்தாகப் போகின்றன. விரதம் என்று சொல்லித் தண்ணீரும் குடிக்கவில்லை.

"தண்ணி குடிச்சா பெருமாள் கோவிச்சுக்க மாட்டாருங்க" என்றாள்.

"இமயமலையே பாத்தவன்டி நானு!"

சாமி கும்பிட்டுவிட்டு இறங்கும்போது முழங்கால் கெஞ்சியது. படிக்குப் படி காலை ஊன்றி நிறுத்துவது வீண் வேலையாகப் பட்டது. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் உருட்டும் அதே கெட்ட புத்தி. காலைத் தளரவிட்டு ஓடினேன்.

"ஏனுங்க, மெதுவா வாங்க!" கீழே நின்றிருந்த மனைவி கத்தினாள்.

நிற்கத்தான் நினைத்தேன். கால் கேட்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம், நேர் எதிரே அவள். மோதினால் இரண்டு பேரும் உருள வேண்டியதுதான். பிரேக் போன லாரியை மலைப் பக்கம் ஒடிப்பதுபோல் பாறைமேல் சாய்ந்தேன். தோள் உரிந்தது, ஆனால் நின்றுவிட்டேன்.

அவள் தண்ணீரை நீட்டினாள். விரதத்தை மறந்து குடித்தேன். மீதிப் படிகளை அவள் கையைப் பிடித்து, குழந்தைபோல் ஒவ்வொன்றாக இறங்கினேன்.

அடிவாரத்தில், "காஷ்மீர் மலையிலகூட எனக்கு இப்படி ஆனதில்ல" என்று முனகினேன்.

"அங்க மலை ஏறுனது லாரிங்க. நீங்க சும்மா உக்காந்துட்டுப் போனீங்க."