செங்கேணி படித்த புத்தகம்

திருப்புலிவனத்தை அடுத்த காலனியில் நடவுக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் முதலில் செங்கேணி வீட்டுக்குத்தான் போவார்கள். அவ்வளவு வேகமான கை. எட்டாவது வரை படித்தவள். பள்ளியை விட்ட பிறகு ரேஷன் கடை அறிவிப்பையும் பேருந்துப் பலகையையும் தவிர எதையும் எழுத்துக்கூட்டியதில்லை. பிறகு அவள் முழுதாகப் படித்தது ஒரே ஒரு கதைப் புத்தகம். தன் மகளைக் கொன்றது அதுதான் என்று அவள் நம்பியிருந்தாள்.

மகள் செவ்வந்தி உத்திரமேரூரில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தோழி மாஹிரா, கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் காஜா மொய்தீனின் பெண். புத்தகத்தை இரவல் கொடுத்தவள் அவள்தான். தடித்த புத்தகம். கறுப்பு அட்டையில் கண்களே இல்லாத ஒரு பெண்ணின் முகம்.

"இன்னாடி இது? இத்த வூட்டுக்குள்ள வெச்சிக்கினுகீற?" என்றாள் செங்கேணி.

"கதமா. ஒரு ஊர்ல மய வந்தா ஏரிக்குள்ளருந்து ஆளுங்க வந்து பசங்களோட நெயல வெட்டி எடுத்துக்கினு பூடுவானுங்க. நெயல் போன புள்ள அப்படியே காஞ்சி பூடும். தம்பி நெயல மீட்டுக்கினு வர்றதுக்கு அக்காக்காரி ஏரிக்கு அடியில எறங்குறா."

"வெளக்கு வெக்கிற நேரத்துல வேற பேச்சு இல்லியா உனுக்கு?"

சுவரில் விழுந்த தன் நிழலைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள் செவ்வந்தி.

ஐப்பசி மழை விட்டதும் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. பாயில் புரண்டுகொண்டே, "நெயல எடுத்துக்கினு போறான்மா, புடிமா" என்று பிதற்றினாள். அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் அவள் கணவன் முனிரத்தினம் கறுப்பு அட்டையைப் பார்த்தான். "இத்தப் படிச்சி பயந்துட்டுகீது. ஊசி போட்டா போற ஜொரம் இல்ல இது" என்றான். செங்கேணியும் அப்படியே நினைத்தாள். கன்னியப்பன் என்கிற மந்திரிப்பவரை அழைத்து வந்து கயிறு கட்டினார்கள்.

அதன் பிறகு காய்ச்சல் நிஜமாகவே இறங்கியது. செவ்வந்தி எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு தின்றாள். செங்கேணி கன்னியப்பன் வீடு இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். அன்று சாயங்காலமே பெண்ணின் கைகால் சில்லிட்டது. வயிறு வலிக்கிறது என்று சுருண்டாள். ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டெங்கு என்றார் டாக்டர். காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம், முதலிலேயே ரத்தம் பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். விடிந்ததும் செவ்வந்தி போய்விட்டாள்.

சாவுக்கு வந்த மாஹிராவின் கையைப் பிடித்து உலுக்கி, "நீ குடுத்த பொஸ்தகம்தான்டி எம்பொண்ணத் தின்னுட்சி!" என்று கத்தினாள் செங்கேணி. பந்தலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாஹிரா வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

காரியம் முடிந்ததும் புத்தகத்தை எரிக்கச் சொன்னான் முனிரத்தினம். செங்கேணி அதை அடுப்படிக்கு எடுத்துப் போனாள். கடைசிப் பகுதிக்கு முன்னால் ஒரு தாளின் மூலை மடிக்கப்பட்டிருந்தது. செவ்வந்தி படித்து நிறுத்திய இடம். அதைப் பார்த்ததும் அவளால் எரிக்க முடியவில்லை. மகளைக் கொன்றது எதுவென்று தெரிந்துகொள்ளாமல் எப்படி எரிப்பது? எரித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, பழைய புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

நூறு நாள் வேலை முடிந்து வரும் மத்தியானங்களில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக. ஒரு பக்கத்துக்கே தலை வலித்தது. அடுத்த பக்கத்தில் பேய் வரும், அது தன்னையும் பிடிக்கும் என்று காத்திருந்தாள். பிடித்தால் பிடிக்கட்டும் என்றும் இருந்தது. பேய் வரவில்லை. இருட்டில் ஒரு பெண் பயந்து பயந்து நடந்துகொண்டே இருந்தாள், அவ்வளவுதான். தம்பியின் நிழலுக்கு விலையாகத் தன் குரலைக் கொடுத்தாள். மடித்த தாளைத் தாண்டிய பிறகு செங்கேணிக்கு விரல் நகரவே இல்லை. மகள் படிக்காததைத் தான் மட்டும் படிப்பது திருட்டுப்போல இருந்தது. ஆனாலும் படித்தாள். அந்தப் பெண் நிழலோடு கரையேறுகிறாள். அதற்குள் தம்பி செத்துப்போயிருக்கிறான்.

புத்தகத்தை மூடினாள். புத்தகத்துக்குள் காய்ச்சல் இல்லை, சாவைக் கொண்டுவரும் எதுவும் இல்லை. பிதற்றல் காய்ச்சலுடையது. தாமதம் தன்னுடையது. இத்தனை நாள் வேறு ஒன்றின்மேல் ஏற்றி வைத்திருந்த பாரம் அன்று அவள்மேல் இறங்கியது.

மறுநாள் பாத்திரக்கடைக்குப் போனாள். காஜா மொய்தீன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாம்மா. பொண்ணு உள்ளதான் இருக்குது. ஸ்கூல் விட்டா வீடு, வீடு விட்டா ஸ்கூல். யார்கிட்டயும் பேசறதில்ல" என்றார்.

கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கூடத்தில் மாஹிரா சுவரோரம் ஒடுங்கி நின்றாள். செங்கேணி புத்தகத்தை நீட்டினாள்.

"படிச்சிட்டேன்மா. இதுல ஒன்னியும் இல்ல. அன்னிக்கி உன்ன அப்படிக் கேட்டுட்டேன். நாங்கதான் ஆஸ்பத்திரிக்கி லேட்டா போனோம்."

மாஹிரா புத்தகத்தை வாங்கவில்லை. அழுதாள். "கடைசில என்ன ஆகுதுன்னு கேட்டுட்டே இருந்தா ஆன்ட்டி. நீயே படிடின்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கலாம்."

"சொல்லாததே நல்லதுமா. தம்பி பொயக்கலன்னு தெரிஞ்சா அய்துகினு இருந்திருப்பா."

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். பிறகு மாஹிரா தயங்கித் தயங்கி, "கதை எப்படி இருந்துச்சு ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

செங்கேணி யோசித்தாள்.

"அந்த அக்காக்காரி போறது, வர்றது, எல்லாம் நல்லாத்தான் எய்திகீறாங்க. ஆனா அந்தப் பசங்களுக்கு ஒரு அம்மா கீறா இல்ல? வாசல்ல நின்னு அய்தாள்னு ஒரே வரி. அதோட முட்சிட்டாங்க. அவ அப்பறம் இன்னா பண்ணா? அன்னிக்கி ஒல வெச்சாளா? அந்தப் பையன் துணிய இன்னா பண்ணா? அத்த யாரும் எய்தலியே."

மாஹிரா அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். புத்தகத்தைக் கடைசிவரை அவள் தொடவில்லை. செங்கேணி அதைக் கூடத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

வருஷ திதிக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் யாரோ கேட்க, "ஒரு பொஸ்தகம் படிச்சி பயந்துட்சி" என்று வழக்கம்போல ஆரம்பித்தான் முனிரத்தினம்.

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த செங்கேணி நிமிர்ந்தாள். "பொஸ்தகம் இல்ல. டெங்கு ஜொரம். கயிறு கட்டிக்கினு வூட்லயே வெச்சிருந்தோம். அதான் பூட்டா."

முனிரத்தினம் பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டு வெளியே போனான். செவ்வந்தியைப் புதைத்த இடத்தில்தான் போய் உட்கார்ந்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும். கூப்பிடப் போகவில்லை. அடுத்த இலைக்குக் குழம்பு ஊற்றினாள்.