சித்தப்பாவின் இடது கை

சித்தப்பாவின் இடது கன்னம் வீங்கிய நாளெல்லாம் எங்கள் வீட்டில் மிளகாய் கருகும். வரகனேரியில் ஓர் அரிசி மில்லின் பின்கட்டில் அவர் குத்துச்சண்டை பழகிக்கொண்டிருந்தார். வீக்கத்தோடு வந்து நிற்பவரைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி அத்தை அடுப்பில் போடுவார். "ஊர்க் கண்ணு பூரா எந்தம்பி மூஞ்சிலதான் இருக்கு." நெடி வராவிட்டால் கண் பட்டது உறுதி என்பது கணக்கு. நாங்கள் எல்லோரும் இருமிக்கொண்டே, "நெடியே இல்ல பாரேன்!" என்போம்.

கண் அல்ல, கைதான் காரணம் என்று சொன்ன ஒரே ஆள் முத்து. மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். தினமும் சித்தப்பாவோடு மோதிப் பழகுகிறவர். கன்னத்தை வீங்க வைப்பவரும் அவர்தான். ஒருநாள் எங்கள் வாசலில் நின்றே சொல்லிவிட்டார்: "இடது கையால குத்திட்டு அத இடுப்புக்குக் கொண்டு போறான். தாடைக்குக் கொண்டு வாடான்னா கேக்க மாட்டேங்கிறான்."

முத்துவுக்குக் கரிநாக்கு, அவர் வாயில் வந்தது பலித்துவிடும் என்று அத்தை தீர்மானித்தார். "கை எறங்குது எறங்குதுன்னு சொல்லிச் சொல்லியே எறக்கிப்புட்டான்!" முத்து வருவது அன்றோடு நின்றது.

அப்பா தன்னோடு கைவண்டி இழுக்கும் இருவரை மோதிப் பழக அனுப்பினார். அண்ணனின் முகத்துக்காக அவர்கள் தம்பியை அடிக்கவில்லை. கை பட்டதும் விழுந்தார்கள். கன்னம் வீங்கவில்லை. எங்களுக்கு மிளகாயும் மிச்சம். சித்தப்பாதான் ஏனோ நிம்மதியில்லாமல், "எங்கிட்ட எதுனா குத்தம் தெரியுதா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒனக்கென்ன கொறச்சல், ராசா!" என்றது வீடு. என்னையும் கேட்டார். அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால் எனக்கு அந்த மரியாதை. நான் நூற்றுக்கு நூறு கொடுத்தேன்.

பொன்மலை மைதானத்தில் போட்டி வந்தது. ஜெயித்தால் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்குச் சொல்லிப் பார்ப்பதாக ஒரு பெரிய மனிதர் வாக்குக் கொடுத்திருந்தார். கைவண்டியைத் தவிர வேறு பிழைப்பு அறியாத குடும்பம் மொத்தமும் அன்று மாலை கயிற்றுக்கு அருகே போய் உட்கார்ந்தது.

எதிராளி ஒல்லியானவன். அவசரமே படவில்லை. முதல் ரவுண்டு முழுக்கச் சித்தப்பாவின் இடது தோளையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது ரவுண்டில் அவன் வலது கை ஒருமுறை தாடையை உரசிக்கொண்டு போனது. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கிழிந்தது.

"கையத் தூக்குடா கழுத! தாடைய மூடு!"

முத்து. அத்தை எழுந்து நின்று திரும்பினார். "வாய மூடுறா கரிநாக்கு!"

சித்தப்பாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். கை மேலே வந்தது. அடுத்த குத்து கிளவுஸில் பட்டு நின்றது, அதற்கடுத்ததும். ஆனால் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் சித்தப்பாவை எங்களுக்குப் பிடிக்கவில்லை. பயந்தவர் மாதிரி இருந்தார். "என்னடா பதுங்குற? சிங்கம்டா நீ!" என்று அப்பா கத்தினார். நாங்கள் எல்லோரும் கத்தினோம். சித்தப்பா எங்கள் பக்கம் ஒரு கணம் பார்த்தார். இடது கையை நீட்டிக் குத்தினார். இழுத்த கை இடுப்புக்குப் போனது.

அவர் விழுந்தது எனக்குத் தெரியவில்லை. ரெஃப்ரி எண்ணத் தொடங்கியதும்தான் தெரிந்தது. பத்து வரை எண்ணியும் அவர் எழவில்லை.

திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ரெஃப்ரி அவங்க ஆளு என்றார் அப்பா. விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூச வைத்துவிட்டது என்றார் அத்தை. சித்தப்பா எழுந்து, பின்படிக்கட்டருகே ஒதுங்கி நின்ற முத்துவிடம் போனார்.

"சொல்றா."

"இப்பவா? வலிக்கும்டா."

"சொல்லு."

முத்து தன் கையாலேயே நடித்துக் காட்டி, முதல் மணியிலிருந்து ஒவ்வொரு தப்பாகச் சொன்னார். ஒன்றைக்கூட விடவில்லை. சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஓடிப்போய் முத்துவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "எங்க சித்தப்பாவ அழ வைக்காதீங்க!"

சித்தப்பா என் விரல்களைப் பிரித்துவிட்டார். "நீ போயி அத்தகிட்ட உக்காரு" என்றார். "அவன் பேசட்டும்."

இவ்வளவு பிரியம் வைத்திருக்கும் எங்களை விட்டுவிட்டு, திட்டுகிறவன் பக்கத்தில் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று வீடு வரும்வரை யோசித்துப் பார்த்தேன். எனக்கு விளங்கவில்லை.