ஆள் இல்லாத பள்ளிக்கூடம்

அலுவலகத்தில் அவருக்கு ஸ்கேல் என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. குடிநீர் வழங்கும் அலுவலகத்தின் இரண்டாம் மாடி, ஜன்னலோரச் சாய்வு மேசை. முப்பத்தொரு வருடம் அங்கே உட்கார்ந்து நகரத்தின் குழாய்களை வரைந்தார். எந்தத் தெருவுக்கு அடியில் எத்தனை அங்குலக் குழாய், எந்த மூலையில் வால்வு என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். யாராவது வழி கேட்டால், "நூத்தி நாப்பது மீட்டர் போங்க, ஒரு வால்வு மூடி வரும், அங்க திரும்புங்க" என்பார். கேட்டவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்க் கேட்பார்.

போன மாதம் இறந்தார். வயது எழுபத்திரண்டு. துக்கம் விசாரிக்க வந்த பழைய சகாக்களில் ஒருவர், ஸ்கேல் தன் பெண்ணுக்காகப் பள்ளிக்கூடத்தை வரைந்த கதையை ஆரம்பித்தார். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். நடந்தது இதுதான்.

அவருடைய ஒரே பெண்ணுக்கு அப்போது மூன்றரை வயது. தாய்மாமன் வைத்த பட்டப்பெயர் வாண்டு. வீட்டுக்குள் வாய் ஓயாது. வாசலில் மணி அடித்தால் போதும், அம்மாவின் காலுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். வந்தவர் போகும்வரை மூச்சு விடாது. வந்தவர்கள், "பொண்ணு ரொம்ப அமைதி" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். கதவு மூடியதும் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஸ்கேலின் மனைவி ரத்தப் பரிசோதனை செய்பவள். பிள்ளை பிறந்தபோது மருத்துவமனை வேலையை விட்டவள். மூன்றரை வருடம் கழித்து அதே லேபிலிருந்து கடிதம் வந்தது. குறிப்பிட்ட திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போகும். கடிதத்தை அவள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் ஒரு தரம் படித்தாள்.

மழலையர் பள்ளி தொடங்குவதும் அதே திங்கட்கிழமைதான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. தாய்மாமன் பஸ் ஓட்டுகிறவன். பெற்றோர் கேட்டோடு நின்றுவிட வேண்டும் என்று பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் பார்ப்பார்களாம். பிள்ளை ஒட்டவில்லை என்றால் அடுத்த வருடம் அழைத்து வரலாமாம். அம்மாவின் காலைவிட்டு நகராத பிள்ளை எப்படி ஒட்டும் என்று மனைவிக்குக் கவலை.

நூலகத்தில் இருந்த அம்மாள்தான் வழி சொன்னார். "புதுசா ஸ்கூல் போற பிள்ளைங்களுக்குன்னே படப்புத்தகம் இருக்கு சார். தினம் ஒண்ணு படிச்சுக் காட்டுங்க. போறதுக்கு முன்னாடியே போயிட்டு வந்த மாதிரி ஆயிடும்."

அந்தக் கடைசி வாக்கியம் ஸ்கேலுக்குப் பிடித்துப்போயிற்று. புதுக் குழாய் போட்டால், தண்ணீர் விடுவதற்கு முன்னால் அழுத்தம் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். அது அவருக்குப் புரிந்த விஷயம். முயல் ஒன்று, கரடி ஒன்று, வாத்து ஒன்று, பெரிய பை மாட்டிய சிறுமி ஒன்று என நான்கு புத்தகங்களை எடுத்து வந்தார்.

படித்துக் காட்டவும் செய்தார். ஆனால் அவருக்கு ஒரு படத்தைப் பார்ப்பதென்றால் பிழை பார்ப்பது என்று அர்த்தம். முயலின் பள்ளிக்கு வெளியிலிருந்து பார்த்தால் மூன்று ஜன்னல், உள்ளே போனால் இரண்டு. கரடியின் வகுப்புக் கதவு நான்காம் பக்கத்தில் வெளிப்பக்கம் திறக்கிறது, ஒன்பதாம் பக்கத்தில் உள்பக்கம். மூன்றாவது நாள் வாண்டும் விரல் வைத்து ஜன்னலை எண்ண ஆரம்பித்தது. அடுப்படியிலிருந்து மனைவி, கதையைப் படிக்கச் சொன்னால் கட்டடத்தைச் சோதிக்கிறீர்களே என்றாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அப்பா, இது என் ஸ்கூலா?" என்று வாண்டு கேட்டது.

"இல்லம்மா. முயலோட ஸ்கூல்."

"அப்ப என் ஸ்கூல் எங்க?"

நியாயமான கேள்வி. எந்தத் தெருவைத் தோண்டப் போகிறோமோ அந்தத் தெருவின் பிளான்தான் கையில் இருக்க வேண்டும். அவர் நான்கு புத்தகங்களையும் நூலகத்தில் திருப்பிக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை டேப்பும் நோட்டுமாகப் பள்ளிக்குப் போனார். விடுமுறை நாள். தலைமை ஆசிரியை மட்டும் அறையில் இருந்தார். குடிநீர் அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்று இவர் சொன்னதும், மாடித் தொட்டி ஆறு மாதமாக ஒழுகுவதைப் பற்றி அவர் கால்மணி நேரம் பொரிந்து தள்ளினார். ஸ்கேல் அதையும் குறித்துக்கொண்டார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, சரி, அளந்துகொள்ளுங்கள் என்றார்.

முதலில் நின்றபடி அளந்தார். பிறகு ஏதோ தோன்ற, முழங்காலில் உட்கார்ந்து, முதுகையும் வளைத்து, அப்படியே அறை அறையாக நகர்ந்தார். பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"என்ன சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"இல்லம்மா. என் பொண்ணு கண்ணு தரையிலேருந்து எண்பத்து மூணு சென்டிமீட்டர். அங்கேருந்து பாக்கறேன்."

ஆயாம்மா வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

எண்பத்து மூன்று சென்டிமீட்டரிலிருந்து பார்த்தால் அது வேறு கட்டடம். ஆசிரியையின் மேசை ஒரு மதில். கதவின் பிடி கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரியவர்கள் யாருக்கும் தெரியாமல் மேசைகளின் அடியில் பழைய பபிள்கம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. ஸ்கேல் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

பத்து நாள் மாலை வேலை. சொந்தமாகக் கெட்டிக் காகிதம் வாங்கி, பதினாறு தாள் வரைந்தார். கேட், நடைபாதை, வகுப்பு, குழாய்கள் மூன்று, அதில் சொட்டுகிறது ஒன்று. கழிவறைத் தாழ்ப்பாள் இழுக்கிற தாழ்ப்பாள் இல்லை, தூக்குகிற தாழ்ப்பாள். அதற்குத் தனியாக ஒரு தாள். வாண்டின் கிரேயானை வாங்கி, கோட்டுக்கு வெளியே ஒரு துளி போகாமல் வண்ணம் அடித்தார். தைத்து அட்டை போட்டு அலுவலகத்துக்கும் ஒருநாள் எடுத்துப் போனார். பக்கத்து மேசைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதை வெச்சு டெண்டரே விடலாம்யா."

வாண்டு ஒரே வாரத்தில் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தது. கேட்டிலிருந்து வகுப்புக்கு எத்தனை அடி, கையைக் கழுவ எந்தக் குழாய், தாழ்ப்பாளை எப்படித் தூக்க வேண்டும் என்று எதைக் கேட்டாலும் பட்டென்று பதில். ஸ்கேல் இரண்டு அங்குலம் உயர்ந்து நடந்தார்.

பள்ளி திறக்க ஐந்து நாள் இருக்கும்போது, புதன்கிழமை, வாண்டு புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டது.

"நான் போகல" என்றது. கொஞ்சினார்கள், கெஞ்சினார்கள், அதட்டியும் பார்த்தார்கள். வெளியாள் யாரும் இல்லாமலே அது அம்மாவின் காலுக்குப் பின்னால் போய் நின்றது. அப்படி அது நின்றதே இல்லை.

மறுநாள் குளிப்பாட்டும்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

"அம்மா, அங்க இருந்தவங்கல்லாம் எங்க போயிட்டாங்க?"

"எங்கடி?"

"ஸ்கூல்ல. அங்க நான் மட்டும்தான் இருக்கணுமா?"

மனைவி ஈரக் கையோடு போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். பதினாறு தாள். இருபத்து நான்கு குட்டி நாற்காலி. ஒவ்வொன்றுக்கும் நான்கு கால், ஒவ்வொரு காலுக்கும் நிழல். உட்கார ஓர் ஆள் இல்லை. ஆசிரியை இல்லை, ஆயா இல்லை, ஒரு காக்காய்கூட இல்லை. அவள் தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த கடிதத்தைப் பார்த்தாள். வியாழக்கிழமை ஆகிவிட்டிருந்தது. சிரிப்பு நின்றது.

அன்று மாலை ஸ்கேல் வந்ததும் குட்டு உடைந்தது. அவர் புத்தகத்தை வாங்கி, பதினாறு தாளையும் முதல் தடவை பார்க்கிறவர்போலப் பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் அப்போது பாதி முடிந்திருந்தது. அதுவரை அவர் ஒரு மனிதனையும் வரைந்ததில்லை. தேவைப்பட்டதில்லை. மனிதர்கள் நகர்ந்துவிடுவார்கள், பிளானில் போட முடியாது.

ஷிப்ட் முடித்துவிட்டு வந்திருந்த மைத்துனன் அவர் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தான். "ஏன் மாமா, வெள்ள எச்சரிக்கை குடுத்து எல்லாரையும் காலி பண்ணிட்டாங்களா?"

"நீ சும்மா இருடா" என்றாள் அக்கா.

ஸ்கேல் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். ஆசிரியையின் உயரம் நூற்று ஐம்பத்தெட்டு இருக்கும் என்று கணக்குப் போட்டு, தலை, கழுத்து, தோள் என்று அளவு பிசகாமல் வரைந்தார். வாண்டு வந்து பார்த்தது.

"இது வால்வு."

அழித்துவிட்டு மறுபடி வரைந்தார்.

"இது பெரிய வால்வு."

அவர் காகிதத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். வால்வுதான். ஆசிரியையின் கழுத்தில் இரண்டு குழாய் சேரும் இடத்தில் வருகிற வளையத்தைப் போட்டு, போல்ட்டும் வைத்திருந்தார்.

மைத்துனன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

"நீங்க வரையாதீங்க" என்றாள் மனைவி. "நாளைக்கு அங்க போங்க. இருக்கறவங்களையே வரையச் சொல்லுங்க."

"அவங்களா? இதுலயா?"

"இதுலதான்."

"சின்னப் பிள்ளைங்க. கிறுக்கி வெச்சிடுவாங்க."

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு நான் லேப்ல இருக்கணுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஸ்கேல் புத்தகத்தின் தையலைப் பிரித்தார்.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு. போன வருடம் சேர்ந்த பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்கியிருந்தது. வகுப்பு ஆசிரியை அனுமதித்தார். ஸ்கேல் தரையில் உட்கார்ந்து தாள்களைப் பரப்பினார். கதவின் உயரம் இரண்டு மீட்டர், உங்கள் உயரம் ஒரு மீட்டர், ஆகவே நீங்கள் கதவில் பாதிதான் வர வேண்டும் என்று விளக்கினார். அதற்குள் பத்தொன்பது பேர் கிரேயானைப் பிடுங்கிக்கொண்டு வேலையில் இறங்கியிருந்தார்கள்.

ஒருவனுடைய தலை கதவை முழுக்க விழுங்கியது. ஒருத்தி தண்ணீர்த் தொட்டிக்குள் நின்றாள். இன்னொருவன் கூரைமேல் உட்கார்ந்திருந்தான். ஏன் என்றதற்குக் கீழே இடமில்லை என்றான். ஒரு தாளில் நாய் வந்துவிட்டது.

"நாய் ஸ்கூலுக்கு வருமா?" என்று கேட்டார் ஸ்கேல்.

"வராது" என்றது அதை வரைந்த பிள்ளை. "வந்தா நல்லாருக்கும்."

ஆசிரியை தன்னை ஒல்லியாக வரைந்துகொண்டார். ஆயாம்மா அதைப் பார்த்து, "இது எந்த வருஷத்து டீச்சர்?" என்றாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தன்னைத் தரையிலிருந்து கூரைவரை வரைந்து, கையில் மரம்போல ஒரு துடைப்பத்தையும் கொடுத்தாள். தான் இல்லாவிட்டால் இந்தப் பள்ளிக்கூடம் ஏது என்று கேட்டாள். யாரும் மறுக்கவில்லை.

ஸ்கேலின் கை இரண்டு தடவை சட்டைப்பைக்குள் போய் ரப்பரைத் தொட்டது. இரண்டு தடவையும் வெறுங்கையாகவே வெளியே வந்தது.

அதன்பிறகு அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். வால்வுகளுக்கு நம்பர் போடுவதுபோல ஒவ்வோர் உருவத்துக்கும் நம்பர் போட்டு, தாளின் பின்பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டார். நான்கு: தண்ணீர் குடிக்கும்போது சிரித்துவிடுவாள், பக்கத்தில் நிற்கக் கூடாது. ஏழு: முன்பல் இரண்டு இல்லை, விசில் வரும். பதினொன்று: களிமண்ணைத் தர மாட்டான், இரண்டாம் தரம் கேட்டால் தருவான்.

சாயங்காலம் புத்தகத்தை மறுபடி தைத்துத் தரையில் வைத்தார். யாரையும் கூப்பிடவில்லை. வாண்டு அதுவாக வந்தது. முதல் தாளைத் திருப்பியது. வெகு நேரம் பார்த்தது.

"இது யாரு?"

ஸ்கேல் தாளைப் புரட்டிக் குறிப்பைப் பார்த்தார். "ஏழாம் நம்பர். முன்பல்லு ரெண்டு இல்ல. அந்த வழியா விசில் அடிப்பான்."

"அந்தப் பல்லு எங்க?"

குறிப்பில் அது இல்லை. "தெரியலம்மா. நான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"மறந்துட்டேன். நீ கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்றியா?"

வாண்டு யோசித்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் யோசித்தது. கேட்க வேண்டியவை கூடிக்கொண்டே போயின. தொட்டிக்குள் நிற்பவள் எப்படி ஏறினாள், நாய் கடிக்குமா, இத்தனை பெரிய ஆயாம்மா வாசலில் எப்படி நுழைவாள் என்று அப்பாவைத் துளைத்தது. அவர் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: குறிப்பில் இல்லை.

திங்கட்கிழமை ஏழரைக்கு மனைவி கிளம்பிவிட்டாள். பேருந்து நிறுத்தம்வரை நான்கு தடவை திரும்பிப் பார்த்தாள்.

எட்டரைக்கு ஸ்கேல் பெண்ணோடு பள்ளிக் கேட்டில் நின்றார். உள்ளேயிருந்து வேறு பிள்ளைகளின் அழுகை கேட்டது. ஒட்டிக்கொள்ள அம்மாவின் கால் இல்லாததால் வாண்டு அவருடைய பேண்ட்டை இறுகப் பிடித்திருந்தது.

ஆயாம்மா கேட்டைத் திறந்தாள். வாண்டு அவளைக் காலிலிருந்து தலைவரை பார்த்தது. மறுபடி காலுக்கு வந்தது.

"நீங்க பெரிசா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றது.

பிறந்ததிலிருந்து வெளியாள் ஒருவரிடம் அது தானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இருந்தேன் கண்ணு" என்றாள் ஆயாம்மா. "தினம் தண்ணில நின்னு கழுவறேன்ல, சுருங்கிட்டேன்."

வாண்டு இதைக் கொஞ்சம் எடைபோட்டுப் பார்த்தது. "ஏழாம் நம்பர் வந்தாச்சா?"

ஆயாம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கையை நீட்டி, "வா, உள்ள போய்ப் பாக்கலாம்" என்றாள்.

பேண்ட்டைப் பிடித்திருந்த விரல்கள் விட்டன.

ஸ்கேல் பத்து நிமிடம் வெளியே நின்றார். அலுவலகத்துக்கு வாழ்நாளில் முதல் தடவையாகத் தாமதம். மேசைக்குப் போகாமல் நேராகத் தொலைபேசிக்குப் போய், மருத்துவமனை எண்ணைச் சுழற்றி, லேபைக் கேட்டார்.

"உள்ள போயிட்டாளா?" என்றாள் மனைவி, யார் என்றுகூடக் கேட்காமல்.

"போயிட்டா."

"அழுதாளா?"

"இல்ல. ஒருத்தனோட பல்லைத் தேடிப் போயிருக்கா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற ஒலி வந்தது.

"சரி, வைங்க" என்றாள். "ரத்தம் குடுக்க ஆளுங்க சட்டைக் கையை மடிச்சுட்டு வரிசையா நிக்கறாங்க."

அந்த லேபில் அவள் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தாள்.